சுவோ: பூட்டா, சங்கிலியா?

கேள்வி கேட்ட நண்பர் ஒரு சீனத் தொடர் பார்த்திருக்கிறார். வயதான அதிகாரி ஒருவர் பதவியை உதறிவிட்டுக் கிளம்பும்போது ஏதோ சொல்கிறார். கீழே ‘புகழ் என்னும் கடிவாளம், லாபம் என்னும் பூட்டு’ என்று எழுத்து ஓடுகிறது. கடிவாளம் சரி, பூட்டு எங்கிருந்து வந்தது? பூட்டையும் சங்கிலியையும் வைத்துச் சீனர்களிடம் வேறு என்னென்ன சொலவடைகள் உண்டு? இதுதான் அவர் கேட்டது. இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒன்றுதான். ஏனென்றால் அந்த வசனத்தில் பூட்டே கிடையாது. இருந்தது சங்கிலி. மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டார்.

அவரை ரொம்பவும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பதினைந்து வருடமாகச் சீனத்திலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன், பாதிக் காலம் தொழிற்சாலைகளில். ஆரம்பத்தில் நானும் இதே குழியில் விழுந்தவன்தான். சீனத்தில் ‘சுவோ’ என்றொரு சொல். இன்றைக்குக் கடையில் போய் சுவோ கேட்டால் பூட்டு கொடுப்பார்கள். வினையாகச் சொன்னால் பூட்டுவது. ஆனால் இதே சொல், இதே எழுத்து, சங்கிலியையும் குறிக்கும். பழைய நூல்களில் சங்கிலிதான் முதல் பொருள். பூட்டு பின்னால் வந்து சேர்ந்தது. தமிழ் தெரிந்தவருக்கு இது அவ்வளவு விநோதமாக இருக்கக் கூடாது. நாமும் கதவைப் பூட்டுகிறோம், வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம், கைதிக்கு விலங்கு பூட்டுகிறோம். மூன்றிலும் பூட்டுதான், மாட்டுக்கும் கைதிக்கும் சாவி போட்டுத் திறக்கும் அந்தச் சாமான் நினைவுக்கு வருவதில்லை. சுவோ கிட்டத்தட்ட அப்படி.

சங்கிலி முதலில் வந்தது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கி.பி. 9 முதல் 23 வரை ஆண்ட வாங் மாங் என்ற அரசர் நாணயத்தை அடிக்கடி மாற்றி ஊரையே குழப்பியவர். திருட்டுத்தனமாகக் காசு வார்ப்பவன் அகப்பட்டால் அவனோடு சேர்ந்து பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தண்டனை. ஹான் வம்ச வரலாறு அந்தக் காட்சியை எழுதி வைத்திருக்கிறது. ஆண்களைக் கூண்டு வண்டியில் ஏற்றுகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் கழுத்தில் இரும்புச் சங்கிலியோடு நடக்கிறார்கள். லட்சக்கணக்கில் இப்படிக் கொண்டுபோனார்கள், போய்ச் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஆறேழு பேர் துயரத்தில் செத்தார்கள் என்கிறது அந்த வரி. அங்கே ‘இரும்புச் சுவோ’ என்றால் சங்கிலிதான், சந்தேகத்துக்கே இடமில்லை. அதே வரியில் ‘லாங்-தாங்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதிலிருந்து பிறந்ததுதான் ‘லாங் தாங் ரூ யூ’ என்ற நாலெழுத்துத் தொடர். லாங்-தாங் என்று சிறைக்குள் போனான் என்பது பொருள். சங்கிலி தரையில் இழுபடும் சத்தம்தான் லாங்-தாங் என்று என் ஆசிரியை சொல்லிக் கொடுத்தார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய உரைகாரர் ‘நீண்ட சங்கிலி’ என்று மட்டும்தான் பொருள் எழுதுகிறார். ஆகவே சத்தக் கதையை எதிர்காலத்தில் யாரிடமாவது சொல்வதானால், ‘இப்படியும் சொல்வார்கள்’ என்ற அளவில் சொல்லுங்கள். லஞ்ச வழக்கில் மாட்டிய அதிகாரி, பெரிய தொழிலதிபர் என்று யார் உள்ளே போனாலும் சீனச் செய்தித்தாள்கள் இன்றும் எழுதுவது இதைத்தான். நாம் ‘கம்பி எண்ணுகிறார்’ என்கிறோம், அவர்களுக்குச் சங்கிலி.

கி.பி. 100-ஐ ஒட்டி எழுதப்பட்ட முதல் பெரிய சீன எழுத்தகராதியில் இந்த சுவோ எழுத்துக்குத் தனிப் பதிவே இல்லை. 986-இல் அதைத் திருத்திப் பதிப்பித்தவர்கள்தான் பிற்சேர்க்கையில் சேர்த்தார்கள். அப்போது ‘கதவின் தாழ்’ என்று பொருள் போட்டார்கள். இடைப்பட்ட தொள்ளாயிரம் வருடத்தில் சங்கிலி மெல்ல மெல்லக் கதவுக்கு நகர்ந்திருக்கிறது. பழைய பொருளும் சாகவில்லை. ஒரே பெயரில் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடையை அவர்கள் ‘லியென்-சுவோ’ கடை என்பார்கள். தொடர் வினை, அணு உலையில் நடப்பதும் சரி, பேச்சு வழக்கில் ஒன்றைத் தொட்டு ஒன்று கெடுவதும் சரி, அதற்கும் லியென்-சுவோதான். இவற்றில் பூட்டுக்கு வேலையே இல்லை.

சரி, நண்பர் கேட்ட வசனத்துக்கு வருவோம். அது ‘மிங் ஜியாங் லீ சுவோ’. புகழ், கடிவாளம், லாபம், சங்கிலி, இப்படி வரிசையாக நாலு எழுத்து. சீனர்கள் நாலெழுத்துத் தொடர்களை ஈரிரண்டாக எடை போட்டுக் கட்டுவார்கள். முதல் பாதியில் குதிரையை இழுக்கும் வார் இருந்தால் அடுத்த பாதியிலும் இழுத்துக் கட்டும் ஒன்றுதான் வரும். எந்தப் பொருள் என்று குழம்பினால் பக்கத்து எழுத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். இதைச் சோங் காலக் கவிஞர் லியூ யோங் ஒரு பாடலில் பயன்படுத்தியிருக்கிறார்: புகழின் கடிவாளமும் லாபத்தின் சங்கிலியும் பொழுதை வீணாக்குகின்றன என்று. அரசுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர், பாட்டுக்காரப் பெண்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தே பேர் வாங்கியவர். அவர் சொல்லும்போது இதில் கொஞ்சம் ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ வாடையும் அடிக்கும். இன்னும் ஆயிரம் வருடத்துக்கு முன்னால், ஹான் அரசவையின் வேடிக்கைக்காரர் தோங்ஃபாங் ஷுவோ நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே இது இருக்கிறது என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அந்தக் கடிதம் அவர் எழுதியதுதானா என்பதே சந்தேகம். லியூ யோங்கோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

சங்கிலி என்றதும் சீனர்களுக்குச் சிறை ஞாபகம் வருவது போலவே ஆறும் ஞாபகம் வரும். 280-இல் ஜின் அரசு தெற்கே இருந்த வூ நாட்டின் மேல் படை எடுத்தது. யாங்சி ஆற்றின் மேற்பகுதியிலிருந்து கப்பல் படையோடு இறங்கி வந்தவர் வாங் ஜுன் என்ற தளபதி. வூக்காரர்கள் ஆறு குறுகும் இடங்களில் கரைக்குக் கரை இரும்புச் சங்கிலி கட்டிவிட்டார்கள். தண்ணீருக்கடியில் ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு முளைகளையும் நட்டு வைத்தார்கள். வாங் ஜுன் என்ன செய்தார் தெரியுமா? பெரிய பெரிய தெப்பங்களாகக் கட்டி, வைக்கோல் பொம்மைகளுக்குக் கவசம் மாட்டி மேலே நிறுத்தி, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களை விட்டு முன்னால் ஓட்டினார். முளைகள் தெப்பத்தில் குத்திக்கொண்டு அதோடேயே பிடுங்கிக்கொண்டு போயின. சங்கிலிக்கு வேறு வைத்தியம். பத்து ஜாங்குக்கு மேல் நீளமான தீப்பந்தங்கள், அன்றைய கணக்கில் 24 மீட்டரைத் தாண்டும், எண்ணெய் ஊற்றிக் கப்பலுக்கு முன்னால் கட்டினார். சங்கிலி எதிர்ப்பட்ட இடத்தில் கொளுத்தினார். சற்று நேரத்தில் இரும்பு உருகி அறுந்தது என்கிறது ஜின் வரலாறு. அது நல்லெண்ணெய் என்று நிறையப் பேர் மொழிபெயர்ப்பார்கள். மூலத்தில் இருக்கும் சொல் சணல் விதை எண்ணெயையும் குறிக்கும். அதனால் நான் வெறுமனே எண்ணெய் என்றே எழுதுவேன். இரும்பு ‘உருகியது’ என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். இரும்பை உருக்க 1,500 டிகிரி வேண்டும். எண்ணெய்த் தீயில் பழுத்து இளகிய கண்ணி, இழுவை தாங்காமல் அறுந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஐந்நூறு வருடம் கழித்து அந்த இடத்தைப் பார்த்த கவிஞர் லியூ யூஷி, ஆயிரம் பாக நீளச் சங்கிலி ஆற்றடியில் மூழ்கியது, கோட்டை மேல் சரணடையும் கொடி ஒன்று ஏறியது என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். பள்ளியில் படித்த சீனர் பலருக்கும் அந்த வரி தெரியும். அரணை நம்பி அரசைக் கோட்டை விட்டவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘ஆற்றைத் தடுத்த இரும்புச் சங்கிலி’ என்று ஒருவர் சொன்னாலே போதும்.

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு, 208-இல் நடந்த செம்பாறைப் போர். வடக்கிலிருந்து படையோடு வந்த சாவ் சாவ் தன் கப்பல்களை இரும்பு வளையங்களால் ஒன்றோடொன்று பிணைத்தார், எதிரி தீ வைத்தான், எல்லாம் எரிந்தது. அப்படிப் பிணைக்கும்படி நல்லவன் போல நடித்து யோசனை சொன்னவர் எதிரிக்கு வேண்டியவரான பாங் தோங். ‘லியென் ஹுவான் ஜீ’, வளையத்தோடு வளையம் கோத்த சூழ்ச்சி என்ற தொடரைச் சொன்னால் பலருக்கும் இந்தக் காட்சிதான் கண்முன் வரும். தீ வைத்தது உண்மை. போர் உண்மை. ஆனால் மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றாசிரியர் சொல்வது, கப்பல்கள் தலையும் வாலும் தொட்டுக்கொண்டு நெருக்கமாக நின்றன என்பது மட்டும்தான். இரும்பு வளையமும் பாங் தோங்கின் நடிப்பும் நூற்றாண்டுகள் கழித்துக் கதை சொல்லிகள் சேர்த்த மசாலா. சீன நண்பர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும், நம்மூரில் கட்டபொம்மன் வசனத்தைப் பற்றிச் சொன்னால் சுருங்குவது போல.

இனி நிஜப் பூட்டு. பெய்ஜிங்கில் படித்த காலத்தில் பான்ஜியாயுவான் பழைய பொருள் சந்தையில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினேன். பழசு என்று விற்றார்கள், நான் நம்பவில்லை. ஆனால் அமைப்பு பழசுதான். நம் திண்டுக்கல் பூட்டு போலக் கீழே தொங்காது, குறுக்காகப் படுத்திருக்கும். சாவியும் சுழலாது. தட்டையான தகடு, நுனியில் ஓட்டை. பக்கவாட்டில் நுழைத்து நேராகத் தள்ள வேண்டும். உள்ளே விரிந்து நிற்கும் வில் தகடுகளைச் சாவி அமுக்கும். அமுங்கியதும் தண்டு மறுபக்கம் வழுக்கி வெளியே வந்துவிடும். இதைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பழைய நூல்களில் பூட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் ஏன் வித்தியாசம் மங்குகிறது என்று எனக்கு விளங்கியது. அந்தப் பூட்டே ஒரு குட்டித் தாழ்ப்பாள்தான்.

தாழ்ப்பாள் என்றதும் சொல்ல வேண்டியது ‘குவான்-ஜியென்’. இன்று சீனர்கள் நாளுக்குப் பத்து முறையாவது சொல்லும் சொல் இது. முக்கியமான, திருப்புமுனையான, எல்லாம் எதைப் பொறுத்திருக்கிறதோ அது. ஆனால் எழுத்துக்குள் இருப்பது கதவின் குறுக்குக் கட்டையும் அதைப் பிடிக்கும் முளையும். ‘நன்றாக மூடத் தெரிந்தவன் குறுக்குக் கட்டையும் முளையும் இல்லாமலே மூடுவான், ஆனாலும் திறக்க முடியாது’ என்று பழைய தாவோ ஞானி லாவோ-ஸ தன் நூலின் 27-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். அங்கே அது நிஜக் கட்டை. பின்னால் வந்தவர்கள் அதையே உருவகமாக்கி, உருவகம் தேய்ந்து, இப்போது சாதாரணச் சொல்லாகிவிட்டது. பேசுகிறவர் யாருக்கும் கதவு ஞாபகம் வருவதில்லை.

லாவோ-ஸவைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு தாவோ ஞானி ஜுவாங்-ஸ சொன்னது. பெட்டியைத் துழாவும் சில்லறைத் திருடனுக்குப் பயந்து மக்கள் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள், தாழையும் பூட்டையும் பலமாகப் போடுகிறார்கள். உலகம் இதைப் புத்திசாலித்தனம் என்கிறது. பெரிய திருடன் வருகிறான். பெட்டியை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறான். ஓடும்போது அவனுக்கிருக்கும் ஒரே கவலை, வழியில் கயிறும் பூட்டும் அவிழ்ந்துவிடக் கூடாதே என்பது. அவர் கேலி செய்தது அரசுகளையும் அறிஞர்களையும். இதே குரலில் தெருவில் புழங்கும் பேச்சு ஒன்றும் உண்டு: பூட்டு யோக்கியனைத்தான் தடுக்கும், அயோக்கியனைத் தடுக்காது.

அரசியல் பேச்சில் பூட்டு இரண்டு திசையில் போகும். ஒன்று பெருமை. ‘பெய் மென் சுவோ யுவே’, வடக்கு வாசலின் பூட்டும் சாவியும். 1004-இல் வடக்கே லியாவ் படை திரண்டு வந்தபோது, பயந்த அரசரைப் போர்முனைக்குக் கூட்டிப்போன அமைச்சர் கோவ் ஜுன். பிறகு பதவி பறிபோய் வடக்கே ஒரு நகரத்தைக் காக்கப் போனார். வழியில் வந்த லியாவ் தூதர், ‘தங்கள் தகுதிக்குத் தலைநகரில் அல்லவா இருக்க வேண்டும்?’ என்று குத்தினாராம். ‘அங்கே வேலை ஒன்றும் இல்லை, வடக்கு வாசல் பூட்டுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை’ என்றாராம் இவர். பாதாலிங்கில் பெருஞ்சுவர் பார்க்கப் போனால் மேற்கு வாசலின் நெற்றியில் இந்த நாலெழுத்தைச் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம், 1582-இல் வைத்தது. கீழே நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மேலே பார்ப்பதில்லை.

இன்னொரு திசை வசை. ‘பீ குவான் சுவோ குவோ’, வாசலை அடைத்து நாட்டைப் பூட்டியது. 1757-இல் மேற்கத்தியக் கப்பல்கள் காண்டன் துறைமுகம் ஒன்றுக்குத்தான் வரலாம் என்று சிங் அரசு கட்டுப்படுத்தியது. நாடு பின்தங்கியதற்கே அதுதான் காரணம் என்று பாடநூல்கள் திட்டும்போது இந்தத் தொடர் வரும். கேட்டால் ஆதிகாலத்துத் தொடர் போல இருக்கும். ஆனால் ‘நாட்டைப் பூட்டுதல்’ என்ற பாதி ஜப்பானில் பிறந்தது. 1801-இல் ஷிசுகி தாடாவோ என்பவர், கெம்ஃபர் என்ற ஜெர்மானியர் ஜப்பானைப் பற்றி எழுதியதை மொழிபெயர்க்கும்போது உருவாக்கினார். ஆக, ஐரோப்பியர் எழுதியதற்கு ஜப்பானியர் வைத்த பெயரைச் சீனர் தம்மைத் திட்டிக்கொள்ள வாங்கிக்கொண்டார்கள். 2022-இல் அரசு வரலாற்று ஆய்வு நிறுவனம் ஒன்று, இந்தச் சொல் தப்பு, ‘நாமாகவே வைத்துக்கொண்ட வரம்பு’ என்று சொல்ல வேண்டும் என்று கட்டுரை வெளியிட, இணையத்தில் பெரிய சண்டை நடந்தது.

கவிதையில் சுவோ வந்தால் இந்த இரும்பெல்லாம் கரைந்துவிடும். மூடுபனி குளத்தைப் பூட்டும், முற்றம் இலையுதிர்காலத்தைப் பூட்டிக்கொள்ளும். கவலைப்படுகிறவன் புருவம் பூட்டிக்கொள்ளும். நாம் புருவத்தை நெரிக்கிறோம், அவர்கள் பூட்டுகிறார்கள். இங்கே ஒரு வேடிக்கை. ‘யென் சுவோ சீ தாங் லியூ’, குளக்கரை வில்லோ மரத்தைப் பனிப்புகை பூட்டியது. ஐந்தே எழுத்து. ஒவ்வொன்றுக்குள்ளும் தீ, உலோகம், நீர், மண், மரம் என்று சீனர்களின் ஐந்து பூதங்களும் ஒவ்வொன்றாக ஒளிந்திருக்கின்றன. உலோகம் இருப்பது நம் சுவோவில்தான். அந்த எழுத்தின் ஒரு பாதியே உலோகம். இந்த வரிக்கு இணையாக இன்னொரு வரி எழுதிக் காட்டுவது சீனக் கவிதைப் பிரியர்களின் தீராத வியாதி.

நூல்களை விட்டுத் தெருவுக்கு வந்தால் பூட்டு இன்னும் சுவாரசியம். ‘இரும்புத் தளபதி வாசல் காக்கிறார்’ என்றால் வீடு பூட்டிக் கிடக்கிறது, போய்ப் பயனில்லை என்று அர்த்தம். நாம் ‘பூட்டு தொங்குது’ என்போமே, அதுதான். ‘ஒரு சாவி ஒரு பூட்டைத்தான் திறக்கும்’ என்பது ஆளுக்கேற்ற பேச்சு வேண்டும் என்பதற்கு. கட்சிக்காரர்களும் வகுப்பாசிரியர்களும் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. விடுகதை போல முதல் பாதியைச் சொல்லி மறு பாதியை எதிராளி ஊகிக்க விடும் ஒரு வகை உண்டு. அதில் ஒன்று: வேலைக்காரி கையில் சாவிக்கொத்து. மறு பாதி: வீட்டை நடத்துவாள், முடிவெடுக்க முடியாது. இடுப்பில் சாவிக்கொத்து செருகிய மாமியாரைப் பார்த்தவர்களுக்கு இதன் குத்தல் உடனே புரியும். அலுவலகத்தில் பெயருக்கு மேலாளராக இருக்கும் யாரைப் பற்றியும் சொல்லலாம், அவர் இல்லாதபோது.

பூட்டு என்றால் அடைப்பது, ஆகவே கெட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைக்கு நூறாம் நாளோ முதல் பிறந்தநாளோ வந்தால் கழுத்தில் வெள்ளிப் பூட்டு வடிவப் பதக்கம் போடுவார்கள், நீண்ட ஆயுள் பூட்டு என்று பேர். உயிர் நழுவிப் போகாமல் பூட்டி வைப்பது. நூறு வீட்டில் காசு வாங்கிச் செய்தால் இன்னும் விசேஷம். நம் அரைஞாண் கயிற்றைக் கண்ணேறுக்குக் கட்டும் மனசுதான்.

கடைசியாக ஒன்று, இது புத்தகத்தில் படித்ததில்லை, தொழிற்சாலையில் கற்றது. சில வருடம் முன்பு ஒரு ஆலையில் புது இயந்திரம் ஓட்டிக் காட்டும் நாள். ஒரு வாரமாக ஒழுங்காக ஓடியது, முதலாளிகள் வந்து நின்ற பத்தாவது நிமிடம் நின்றுவிட்டது. ஷான்டோங் பக்கத்திலிருந்து வந்த வயதான பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டு, ‘குவான்-ஜியென் ஷிர்-க தியாவ் லியென்-ஸ!’ என்றார். முக்கியமான நேரத்தில் சங்கிலி கழன்றுவிட்டது. வடக்குச் சீனப் பேச்சு அது. சைக்கிள் மேட்டில் ஏறும்போது பார்த்து செயின் கழலுமே, அதிலிருந்து வந்தது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் கதவுக் கட்டை ஒன்று, சங்கிலி ஒன்று, இரண்டும் ஒரே வரியில். அப்போது எனக்கு இது தெரியாது. ‘செயின் கழன்றுவிட்டதாம்’ என்று நேராகவே சொல்லிவிட்டேன். இரண்டு பராமரிப்புப் பையன்கள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்கு அடியில் புகுந்தார்கள். அது முழுக்க பெல்ட்டில் ஓடும் இயந்திரம். கால்மணி நேரம் தேடிவிட்டு ஒருவன் தலையை மட்டும் வெளியே நீட்டி, ‘சார், இதில் செயினே இல்லையே’ என்றான்.